அரை லிட்டர் தங்கம்

பாட்டிலை எங்கே வைப்பது என்று உமாபதிக்குத் தெரியவில்லை. வைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

திருப்பதியில் ஜீப் ஏறியதிலிருந்து அதை மடியை விட்டு இறக்கவில்லை. சந்திரகிரியில் டீ குடிக்க ஜீப் நின்றபோதும் இவன் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக நீட்டிய டீயை ஒரு கையால் வாங்கிக் குடித்தான். குடித்தது தப்பு. இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தது பெரிய தப்பு. சித்தூரைத் தாண்டி, கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்து ஹெல்த் சென்டர் வாசலில் ஜீப் நின்றபோது, அவனுக்கு உலகத்தில் இரண்டே விஷயங்கள்தான் மிச்சம் இருந்தன. ஒன்று மடியில் இருந்த பாட்டில். இன்னொன்று பாத்ரூம்.

பாட்டிலில் இருந்தது அரை லிட்டர் சிவப்புத் தண்ணீர். அப்படிச் சொன்னால் புரொபசர் சந்திரசேகருக்குக் கோபம் வரும். அது தங்கம். தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு பொடியாகத் தண்ணீரில் மிதக்கிற தங்கம். அந்த அளவுக்குப் பொடியானால் தங்கம் மஞ்சளாக இருக்காதாம், சிவந்துவிடுமாம். மேலே வெயில் பட்டால் ஒவ்வொரு துணுக்கும் சூடேறி, அடுப்பும் கரண்டும் இல்லாமலே தண்ணீரை ஆவியாக்கிவிடும். அந்த ஆவியில் கிராமத்து ஆஸ்பத்திரியின் கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கிருமி போகச் சுத்தம் செய்யலாம்.

அது மட்டும் என்றால் டெல்லியிலிருந்து அரசாங்க அதிகாரி டாக்டர் மனோரமா விமானம் ஏறி வந்திருக்க மாட்டார். இந்தத் தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு. இரண்டு வாரத்தில் நிறம் மங்கிப் பழுப்படிக்கும். சரி, போச்சு என்று நினைக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பளிச்சென்று புதிதாக நிற்கும். போன வருடம் கோடையில் இதை முதலில் கவனித்தவனே உமாபதிதான். புரொபசர் ஆடிப்போய்விட்டார். தங்கத் துகள்கள் தாமாகவே புத்துயிர் பெறுகின்றன என்று இருபத்திரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. டெல்லியிலிருந்து ஆளே வந்துவிட்டது.

உமாபதி பதினோரு வருடமாகப் புரொபசரின் யுனிவர்சிட்டி லேபில் அட்டெண்டர். காண்ட்ராக்ட் அட்டெண்டர். காலையில் ஜீப் கிளம்பும் முன் புரொபசர் அவனைத் தனியாக அழைத்தார்.

"ஏமய்யா உமாபதி, உன் பர்மனென்ட் ஃபைல் ரிஜிஸ்திரார் டேபிள்ல இருக்கு. இன்னிக்கு டெமோ நல்லா ஆச்சுன்னா நானே போய் சைன் வாங்கறேன். பாட்டில் உன் பொறுப்பு. ஒரு சொட்டு குறையக் கூடாது. அர்த்தமாயிந்தா? புரிஞ்சுதா?"

"உயிரக் குடுத்துக் காப்பாத்துறேன் சார்."

உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவனால் சிறுநீரை அடக்க முடியவில்லை. அதுதான் இப்போதைய நிலைமை.

புரொபசரும் மனோரமாவும் இன்னொரு காரில் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். ஜீப்பில் டிரைவரைத் தவிர அவனோடு வந்தது லேபைப் பெருக்கித் துடைக்கும் ரத்னம்மா மட்டும்தான். பக்கத்து ஊர்தான் அவள் பிறந்த ஊர், அக்காவைப் பார்க்கலாம் என்று தொற்றிக்கொண்டு வந்திருந்தாள். இறங்கியதுமே வெற்றிலையை மென்றபடி எங்கேயோ போய்விட்டாள்.

பாட்டிலுக்கு வெயில் ஆகாது. உமாபதி ஹெல்த் சென்டர் உள்ளே ஓடினான். ஒரு மேசையில் தேங்காய், பூ, தாம்பாளம் எல்லாம் இருந்தன. தேங்காய்க்குப் பின்னால் நல்ல நிழல். வைத்தான். ஓடினான்.

பாத்ரூம் பூட்டியிருந்தது. சாவி நர்ஸ் சந்தியாவிடம். சந்தியா மேளக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். சாவி கிடைத்து, பூட்டுத் திறந்து, வேலை முடிந்து, உமாபதி புது மனிதனாக வெளியே வந்தபோது வாசலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. கார் வந்துவிட்டிருந்தது.

தேங்காய் அப்படியே இருந்தது. தேங்காய்க்குப் பின்னால் பாட்டிலும் இருந்தது. பாட்டிலுக்குள் ஒன்றும் இல்லை.

உமாபதிக்கு நம்ப முடியவில்லை. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டு அவன் செருப்பில் விழுந்தது.

வாசலுக்கு ஓடினான். அங்கே ஊரின் டுவாக்ரா மகளிர் சங்கத் தலைவி வெங்கடலட்சுமி, தாம்பாளம் நிறையச் சிவப்புத் தண்ணீரோடு, நடுவில் கற்பூரம் எரிய, டெல்லி டாக்டர் மனோரமாவுக்கு ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்று சுற்று முடிந்தது. தண்ணீரை விரலால் தொட்டு அவர் நெற்றியில் வைத்தாள். பிறகு, முறைப்படி, மூன்று ரோடு சேரும் இடத்துக்குப் போய் மொத்தத்தையும் மண்ணில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

இருபத்திரண்டு பக்கக் கட்டுரை மண்ணில் ஓடியது. பர்மனென்ட் ஆர்டரும் கூடவே ஓடியது.

"யம்மா... இது எங்கேருந்து எடுத்த?" உமாபதியின் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"உள்ள, தேங்கா பக்கத்துல இருந்துச்சே. நீதானண்ணா கொண்டாந்து வெச்ச? திருப்பதிக்காரங்க ஆரத்திகூட ரெடியா பாட்டில்ல கொண்டாந்துட்டாங்களேன்னு நெனச்சிக்கினேன்."

"அது ஆரத்தி இல்லம்மா!"

"என்னாண்ணா சொல்ற? மோந்து பாத்துட்டுத்தான் ஊத்தினேன். கல்யாணம், சீமந்தம்னு இருவது வருசமா ஆரத்தி கரைக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"தெரியாது! ஒனக்கு ஒண்ணுமே தெரியாது! அது தங்கம்! அரை லிட்டரும் தங்கம்!"

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று உமாபதிக்கு உறைத்தது. மேளம் சரியாக அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

புரொபசர் மனோரமாவை உள்ளே கூட்டிப் போய்விட்டதால் தப்பித்தான். ஆனால் ஊர் வாசலில்தான் இருந்தது. ஊருக்குக் காது இருந்தது.

உமாபதி கைக்குட்டையோடு மூன்று ரோட்டுக்கு ஓடி, ஈர மண்ணில் ஒற்றி ஒற்றிப் பிழிய ஆரம்பித்தான். கால் சொட்டு வந்தது, அதுவும் சேறாக. நிமிர்ந்து பார்த்தால் அவனைச் சுற்றி இருபது பேர். ஒருத்தி கையில் முறம். ஒருத்தி மாவு சலிக்கிற சல்லடையோடு வந்திருந்தாள். ரேஷன் பையை விரித்துப் பிடித்தபடி ஒரு குடும்பமே நின்றது.

"தள்ளு நைனா, நீ ஒண்டியாவே எடுத்துக்கினு போலாம்னு பாக்கறியா?"

"எங்க ஊரு மண்ணு. மண்ணுல விழுந்தா எங்களுதுதான்."

ஐந்து நிமிடத்தில் மூன்று ரோடும் சேரும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். ஒருவர் கடப்பாரையோடு தாரையே பெயர்க்க ஆரம்பித்துவிட்டார். இதை புரொபசர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கதை முடிந்தது. உமாபதி யோசித்தான். பதறிப்போன மனிதன் யோசிப்பது எப்போதுமே ஆபத்து.

"தங்கம் இல்லீங்க! சும்மா சொன்னேன்!" என்று கத்தினான். "அது கெமிக்கல்! கையில பட்டா கொப்புளம் வந்துடும்! எல்லாம் போயிடுங்க!"

பெண்கள் முறங்களைப் போட்டுவிட்டு அலறினார்கள். ஆண்கள் அசையவில்லை.

"கொப்புளம்னு சொல்லி வெரட்டப் பாக்கறான்டா. அப்பன்னா நிச்சயமா தங்கந்தான்," என்று கடப்பாரைக்காரர் முடிவு செய்து, கையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு இன்னும் வேகமாக இடித்தார்.

ஆனால் வெங்கடலட்சுமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ! டெல்லி அம்மா நெத்தியிலயே வெச்சிட்டேனே!"

"ஏய், நில்லும்மா!" என்று உமாபதி கத்துவதற்குள் அவள் ஒரு குடம் தண்ணீரோடு உள்ளே பாய்ந்துவிட்டாள். கூடவே சோப்பு எடுத்துக்கொண்டு நர்ஸ் சந்தியா.

உமாபதி வாசற்படியை மிதித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் மனோரமா தலையிலிருந்து பட்டுப்புடவை வரை நனைந்து நின்றார். நெற்றி நிறைய சோப்பு நுரை. அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அதிர்ச்சியில் அவர் கையில் இருந்த நோட்டுப் புத்தகம்கூட கீழே விழவில்லை.

புரொபசர் மெல்லத் திரும்பினார். "உமாபதி. ஏமிட்டிதி? என்ன இது?"

"கை கழுவுற... விழிப்புணர்வு சார். ஹெல்த் சென்டர்ல வெச்சிருக்காங்க."

"கை கழுவறதுன்னா, முகத்துல எதுக்கய்யா ஊத்தினாங்க?"

"இந்த ஊருல முகத்துலேருந்து ஆரம்பிப்பாங்க சார்."

புரொபசர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். பிறகு மனோரமாவிடம் ஆங்கிலத்தில், இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார உணர்வு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்று ஐந்து நிமிடம் விளக்கினார். மனோரமா நுரையைத் துடைத்தார். நோட்டில் எதையோ எழுதினார்.

"அரை மணி நேரத்துல வெயில் நேரா வந்துடும். பாட்டிலை எடுத்துட்டு வா," என்றார் புரொபசர்.

"இதோ சார்," என்றான் உமாபதி, காலி பாட்டிலைச் சட்டைக்குள் ஒளித்தபடி.

கட்டடத்தின் பின்னால் போய், கத்தரிப் பாத்தியோரம் சுவரில் சாய்ந்தான். போன் அடித்தது. நகரியிலிருந்து மனைவி அகிலா.

"இன்னாங்க, ஆர்டர் கையில வந்துச்சா?"

"இன்னும் டெமோவே ஆகல."

"ஆயிடும் ஆயிடும். நான் தறிக்காரர் வூட்லேருந்து கடைசி வூடு வரைக்கும் சொல்லிட்டேன். எல்லாருக்கும் லட்டு குடுத்துக்கினு இருக்கேன்."

"இப்பவேவா?"

"பதினோரு வருசம் காத்துக்கினு இருந்தது போதாதா?"

உமாபதி போனை வைத்தான். அழுகையே வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில், கத்தரிச் செடிகளுக்கு நடுவே நின்று, சத்தம் வராமல் அழுதான்.

"இன்னா நைனா, இங்க நின்னுக்கினு அழுவுற?" ரத்னம்மா. அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு துணி மூட்டையோடு.

உமாபதி எல்லாவற்றையும் கொட்டினான். ரத்னம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தாமல் கேட்டாள். பாட்டில் காலி என்றதும் ஒரு முறை அவனை உற்றுப் பார்த்தாள். அவ்வளவுதான். அவளுக்கு அதிர்ச்சியே இல்லை. பாவம், விஷயத்தின் கனம் புரியவில்லை என்று உமாபதி நினைத்தான்.

"இதுக்கா அழுவுற? செவப்புத் தண்ணி தானே? கரைச்சிட்டாப் போவுது."

"அக்கா, அது தங்கம்க்கா! ஜெர்மனிக்காரனுக்கே கடுதாசி போட வெச்ச தண்ணி!"

"கெடக்கட்டும். ஆரத்திக்கும் அதுக்கும் நெறம் ஒண்ணுதானே? ஆரத்தி கரைக்கிற அம்மாவே ஏமாந்துட்டா இல்ல? நீ போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

வேறு வழி இல்லை. தண்ணீர் வந்தது. ரத்னம்மா துணி மூட்டையை அவிழ்த்தாள். அவள் அக்கா வீட்டுக் கொல்லையில் விளைந்து, நேற்றுத்தான் இடித்த மஞ்சள்தூள். அதில் இரண்டு கரண்டி போட்டாள். இடுப்பிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, கடலை அளவு கிள்ளிப் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் கண்ணெதிரில் சிவந்தது. முந்தானையில் ஒரு முறை வடிகட்டினாள். தூக்கிப் பார்த்தாள். இன்னொரு முறை வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றினாள்.

"சுண்ணாம்பு இதுக்கு மேல போட்டா ரொம்பச் செவந்துடும். சாருக்குச் சந்தேகம் வந்துடும்."

உமாபதி வெயிலுக்கு நேராகப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். அசந்துபோனான். அதே நிறம். ஒரு துளி கூட வித்தியாசம் இல்லை.

"வாசனை வரும் இல்லக்கா? மஞ்ச வாசனை?"

"அதெல்லாம் சார் கண்டுக்க மாட்டாரு, போ."

வெளியே டெமோவுக்குக் கூட்டம் கூடியிருந்தது. கட்டில் அகலத்துக்கு ஒரு பெரிய தட்டை லென்ஸ், இரும்புச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். அது வெயிலை எல்லாம் குவித்து ஒரு கண்ணாடிக் குடுவை மேல் போடும். குடுவையிலிருந்து ஒரு குழாய் கத்தரிக்கோல்கள் இருக்கிற எஃகுப் பெட்டிக்குப் போகும். பெட்டியின் மேல் ஒரு முள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வெற்றி. லேப் மொட்டை மாடியில் மாதா மாதம் இதைச் செய்திருக்கிறார்கள். எப்போதும் பதினான்கு நிமிடம்.

உமாபதி பாட்டிலைத் திறந்து குடுவையில் ஊற்றினான். அவசரத்தில் கொஞ்சம் சிந்தியது. புரொபசர் குனிந்து மூச்சை இழுத்தார்.

"ஆ! அதே வாசனை!" என்றார் புரொபசர் பரவசமாக. "ஒன்றரை வருஷமா எனக்கு ரொம்பப் பிடிச்ச வாசனை, மேடம். நானோ துகளோட வாசனை."

பயத்தில் மனுஷருக்கு மூக்கு மழுங்கிவிட்டது போல, நம் நல்ல நேரம் என்று உமாபதி நினைத்துக்கொண்டான். லென்ஸைத் திருப்பினான். வெயில் குடுவையில் விழுந்தது.

மனோரமா கடிகாரத்தை அழுத்தினார்.

ஐந்து நிமிடம். ஒன்றும் இல்லை. தூரத்தில் கடப்பாரை சத்தம் மட்டும் கேட்டது.

ஏழு நிமிடம். உமாபதி நகரியில் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தான். தறிக்காரர் முகம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்பது நிமிடம். குடுவையில் ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு குடுவை முழுவதும் பொங்கியது. வெள்ளை ஆவி குழாய்க்குள் புகுந்து பெட்டிக்குள் சீறியது. முள் துடித்தது, ஏறியது, சிவப்புக் கோட்டைத் தொட்டு அதையும் தாண்டியது.

"லெவன் மினிட்ஸ்!" என்று கத்தினார் மனோரமா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

புரொபசர் குனிந்து முள்ளைப் பார்த்தார். "பதினோரு நிமிஷமா? எப்பவும் பதினாலு ஆகுமே! மூணு நிமிஷம் எப்படிக் குறைஞ்சது?"

கூட்டம் கைதட்டியது. வெங்கடலட்சுமி மறுபடியும் கற்பூரம் ஏற்றினாள். எல்லோரும் அதிர்ந்து நின்றார்கள். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே பெரிய அதிர்ச்சி உமாபதிக்குத்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் தங்கத்தை மூன்று நிமிட வித்தியாசத்தில் தோற்கடித்ததை அவன் தன் இரண்டு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனோரமா புரொபசரிடம் நீளமாக ஏதோ பேசினார். புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உமாபதியின் தோளைப் பிடித்தார்.

"மேடம் ஐம்பது ஹெல்த் சென்டருக்கு இதே தண்ணி கேக்கறாங்க. தானே புதுசாகிற தண்ணியாம், வருஷக்கணக்கா மாத்தவே வேணாமாம். அதையெல்லாம் பார்த்துக்கறதுக்கு, இதோட குணம் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்னு சொல்லிட்டேன். ரிஜிஸ்திராருக்கு இப்பவே போன் பண்ணேன். நாளைக்கு ஆர்டர். பர்மனென்ட்."

உமாபதி கை கூப்பினான். பதினோரு வருடம் காத்திருந்த வார்த்தையைக் கேட்கும்போது மனசு குளிர வேண்டும். இவனுக்கு வியர்த்தது. ஐம்பது ஊருக்குத் தங்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும், இருந்த தங்கமோ மூன்று ரோட்டுப் பள்ளத்தில் கிடக்கிறது.

அவர்கள் சாப்பிடப் போனதும் ரத்னம்மாவைத் தேடிப் போனான். அவள் ஜீப் நிழலில் உட்கார்ந்து புதிதாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மனசு கேக்கலக்கா. உண்மையச் சொல்லிடலாமா? அசல் தங்கம் மண்ணுல போச்சு, நான் பொய்ய ஊத்திட்டேன்."

"சும்மா இரு. பர்மனென்ட் ஆயிட்ட. வூட்டுக்குப் போய் நல்லாத் துன்னுட்டுத் தூங்கு."

"அது சரிக்கா. ஆனா ஒண்ணுதான் புரியல. தங்கத்துக்கே பதினாலு நிமிசம் புடிக்கும். வெறும் மஞ்சத்தண்ணிக்கு எப்படிக்கா பதினோரு நிமிசத்துல ஆவி வந்துச்சு?"

ரத்னம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"உன் தங்கத் தண்ணி போன வருசம் உகாதிப் பண்டிகைக்கு லேப் கழுவறப்பவே என் கை பட்டுக் கொட்டிப்போச்சு நைனா, அன்னிலேருந்து ரெண்டு வாரத்துக்கொருக்கா திங்கக்கெழம காத்தால நான் கரைச்சி ஊத்தறது கடை மஞ்சள், இன்னிக்குப் போட்டது எங்கக்கா கொல்லையில வெளைஞ்ச மஞ்சள், அதான் சீக்கிரம் வந்துடுச்சு."